முடிச்சரும் செருப்புத் தோரணமும்

வன்னியில் யானை வந்தால் சனம் வெடி கொளுத்தும். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில் போய் இருக்கும். தேர்தல் வந்தால் சிரித்துக் கையாட்டும். எதற்கும் அசையாத அந்தச் சனம், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சின்னப் பிள்ளைகள் வரிசையாக வருவதைக் கண்டதும் படலையைப் பூட்டிவிட்டுப் பின்வளவில் போய் ஒளிந்தது என்றால், அந்தப் பெருமை முழுக்க ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் பொறுப்பாசிரியர். பெயர் முடிச்சர்.

வேறு பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளம் போடுகிற கிளாக்கருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும், அவருடைய மனைவி உட்பட, அவர் முடிச்சர்தான். நல்ல ஒரு கயிறு கையில் இருந்தால் உலகத்தில் தீராத பிரச்சினையே இல்லை என்பது அவருடைய கொள்கை. கொள்கையில் நான் பிழை சொல்லமாட்டேன். முடிச்சில்தான் ஒரு சின்னக் குறை. இறுகி நிற்கவேண்டிய இடத்தில் அவிழ்ந்துவிடும். அவிழவேண்டிய இடத்தில் இறுகிவிடும்.

நான் வவுனியாவிலிருந்து துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆங்கிலம் படிப்பிக்க மாற்றலாகிப் போன அன்றே அவரிடம் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூட அதிபர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"ரீச்சருக்குப் பாட்டு வருமோ?"

"இல்லை மிஸ்."

"விளையாட்டு?"

"அதுவும் இல்லை."

"கோபம் வருமோ?"

"பெரிசா வராது."

"அப்ப நல்லதாப் போச்சு. சாரணருக்கு உதவிப் பொறுப்பு நீங்கள்தான்."

இவ்வளவு கவனமாக ஆள் தெரிவு செய்ததன் காரணம் அன்று பின்னேரமே விளங்கியது. மைதானத்தில் காக்கிக் காற்சட்டையோடும் முழங்கால் வரை இழுத்த கால்மேசோடும் ஒரு மனிதர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். காற்சட்டைக்கும் மேசுக்கும் இடையில் தெரிந்த கால், கொக்குக்குச் சொந்தமானது. அந்த உடுப்போடுதான் அவர் புவியியல் படிப்பித்தார், வங்கிக்குப் போனார், செத்தவீட்டுக்குப் போனார். ஒரு கல்யாண வீட்டில் பொம்பிளையின் தகப்பன் இவரைப் பாதுகாப்புக்கு வந்தவர் என்று நினைத்து வாசலில் நிற்கச் சொன்னாராம். இவர் சாப்பாடு முடியும் வரை வாசலில் நின்றாராம், சந்தோசமாக.

மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. பேனை கயிற்றில் தொங்கியது. மோட்டார் சைக்கிளின் இருக்கை, பக்கத்து மூடி, விளக்கு எல்லாம் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அந்தச் சைக்கிள் ஓடியது பெற்றோலில் அல்ல, நம்பிக்கையில்.

அவருடைய மனைவியை முதன்முதல் சந்தித்தபோது, மரியாதைக்கு, "சேரோட வீட்டில பயமில்லை என்ன?" என்று கேட்டேன்.

"பயமே இல்லை ரீச்சர்," என்றா அவா. "எங்கட வீட்டுக் கதவுக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. அவர் கயிறுதான் கட்டுறவர். கள்ளன் உள்ள வர ஏலாது. நாங்களும்தான்."

மற்ற ஊர்களுக்கு என்ன பருவங்கள் உண்டோ தெரியாது. வன்னிக்கு நான்கு என்று முடிச்சர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்: மழைக்காலம், வெயில்காலம், நுளம்புக்காலம், நிதி சேகரிக்கிற காலம். கடைசிப் பருவம் மற்ற மூன்றின் மீதும் படர்ந்து வருடம் முழுக்க நீடித்தது.

மழைக்காலத்தில் கூடாரம் அடிக்கப் பழக்கினார். இந்தத் துணிச்சலை நீங்கள் கவனிக்கவேண்டும். எங்கள் ஊரில் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே வாழ்ந்து பழகாத பெரியவர் எவரும் இல்லை. அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்குத்தான் இவர், அடை மழையில், மைதானத்தின் பள்ளமான பக்கமாகப் பார்த்து, கூடாரத்தின் இன்பத்தை அறிமுகப்படுத்தினார். ஒரு தாய் குடை பிடித்தபடி வந்து என்னருகில் நின்று பார்த்தா.

"ரீச்சர், நாங்கள் தறப்பாளுக்குள்ள இருந்து வெளிய வர எத்தினை பாடு பட்டனாங்கள். இவர் எங்கட பிள்ளையளைத் திருப்பி உள்ள கூட்டிக்கொண்டு போறாரே?"

அந்தத் தாய் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் முடிச்சு அவிழ்ந்து, கூடாரம் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகக் குளத்துப் பக்கம் புறப்பட்டுப் போய்விட்டது.

மழை விட்டதும் சாரணர் வேலை வாரம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வாரத்தில் சாரணர்கள் வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்ன வேலை செய்து கொடுத்து, வீட்டுக்காரர் தருவதைக் குழுவின் நிதியில் சேர்ப்பார்கள். அழகான வழக்கம். எங்கள் ஊரில் அது ஒரு அனர்த்தமாக அறியப்பட்டது.

முதல் வீடு மாணிக்கம் அண்ணையுடையது. அவருடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். வீட்டுக்குப் பின்னால் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். "புல்லு மட்டும் புடுங்கினா போதும் சார்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். முடிச்சர் பிள்ளைகளை அணிவகுக்க வைத்து, சேவையின் மகத்துவம் பற்றி ஒரு பேச்சுப் பேசி, வேலையை ஆரம்பித்து வைத்தார். பிறகு படலை ஆடுகிறது என்று கண்டு அதைக் கட்டப் போய்விட்டார்.

மாணிக்கம் அண்ணை திரும்பி வந்தபோது தன் படலையைத் திறக்க முடியவில்லை. வேலியால் ஏறி உள்ளே குதித்தார். தோட்டத்தைப் பார்த்தார். நிலத்தில் குந்திவிட்டார்.

"சார்... கடலைய புடுங்கிட்டு புல்ல விட்டுட்டாங்களே சார்!"

அணித்தலைவன் கோகுலன் முன்னால் வந்து விளக்கம் சொன்னான். "புல்லுத்தான் வடிவாப் பச்சையா இருந்தது. அதான் மற்றதைப் பிடுங்கினனாங்கள்."

முடிச்சர் அசையவில்லை. "பிழை விட்டாலும் ஒற்றுமையா விட்டிருக்கிறாங்கள் மாணிக்கம். அதைப் பாருங்கோ."

மாணிக்கம் அண்ணை அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்ததை எடுத்து உண்டியலில் போட்டார். "இந்தாங்க சார். தயவு செஞ்சு பக்கத்து வயலுக்குப் போயிடாதீங்க, அதுவும் என்னோடதுதான்." உண்டியலில் விழுந்தது கூலி அல்ல, மீட்புப் பணம். ஊருக்குள் செய்தி பரவியது. மறுநாள் முதல், பின்வளவில் ஒளிய நேரம் கிடைக்காத சனம் படலைக்கு வெளியே வந்து நின்று, நாங்கள் உள்ளே கால் வைக்குமுன் காசைத் தந்து அனுப்பியது. முடிச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களோ ரீச்சர்? வேலையே வாங்காமல் தருகினம். எங்களில அவ்வளவு விருப்பம்."

இப்படியே போயிருந்தால் நானும் இதை எழுதியிருக்கமாட்டேன். மலைநாட்டில் பெரிய சாரணர் பாசறை ஒன்று நடக்கப்போகிறது, எல்லா மாகாணத்துப் பிள்ளைகளும் வரலாம் என்று அறிவித்தல் வந்தது. எங்கள் பிள்ளைகள் வாழ்க்கையில் கண்ட ஆக உயரமான மலை, குளக்கட்டு. மலையில் முகில் கையில் பிடிபடுமா, குளிருக்கு வாயால் புகை வருமா என்று ஒவ்வொரு நாளும் என்னைத் துளைத்தெடுத்தார்கள். கோகுலன் தகப்பனின் பழைய பெனியனை இரண்டாக மடித்துத் தைத்துக் குளிர்ச்சட்டை செய்துகொண்டு வந்து காட்டினான்.

அதிபர் அம்மா கூப்பிட்டா. "சேர், போய்வர பஸ் பிடிக்கவேணும். பள்ளிக்கூடத்தில அதுக்கு வசதியில்லை. வைகாசி முடியுறதுக்குள்ள நீங்கள் சேர்த்தால் போங்கோ. இல்லாட்டி இதோட சாரணரை நிப்பாட்டுவம். உங்கட சாரணர் கொட்டிலை நான் கதிரை மேசை வைக்க எடுக்கிறன். எனக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்லி ஏலாமல் கிடக்கு."

இருவரும் வெளியே வந்தோம். முடிச்சர் பேனை கட்டிய கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நடந்தார். விரல் சிவந்து நீலமானபோதுதான் நின்றார்.

"ரீச்சர்," என்றார். "செருப்பு."

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவ்வளவு சனம். கோயில் பக்கம் போகுமுன் கழற்றிவிட்ட செருப்புகள் வீதியோரம் குவிந்து கிடக்கும். திரும்பி வரும்போது உங்கள் செருப்பே உங்களுக்குக் கிடைத்தால் அது அம்மனின் தனிப்பட்ட அருள். முடிச்சரின் திட்டம், செருப்புக்குப் பாதுகாப்புக் கொடுப்பது. விரும்பியவர்கள் விரும்பியதை உண்டியலில் போடலாம். கேட்டபோது எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது. அங்கேதான் நான் உசாராகியிருக்கவேண்டும்.

வீதியோரம் தெரிந்த ஒருவருடைய வளவில் இடம் கிடைத்தது. முடிச்சர் வேப்பமரத்துக்கு வேப்பமரம் தேங்காய்த் தும்புக்கயிறு இழுத்தார். வந்த செருப்புகளைச் சோடி சோடியாக அதில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு சோடிக்கும் அவரே கண்டுபிடித்த ஒரு முடிச்சு. கொஞ்ச நேரத்தில் வளவு முழுக்கச் செருப்புத் தோரணம். காற்றில் ஆடியது. கல்யாண வீடு மாதிரி இருந்தது, வாசம் மட்டும் வேறு.

"இதை ஒரு கள்ளன் கழட்ட அரை நாள் வேணும் ரீச்சர்."

"சொந்தக்காரருக்கு?"

"அவைக்கு நாங்கள் இருக்கிறம்தானே."

சனம் மகிழ்ச்சியாகத் தந்துவிட்டுப் போனது. அதிபர் அம்மாவும் குடும்பத்தோடு வந்தா. புதுச் செருப்பு. நம்பிக்கையில்லாமல் ஒருமுறை தோரணத்தைப் பார்த்தா. பிறகு, பக்தி மேலிட்டதோ என்னவோ, கழற்றித் தந்துவிட்டுப் போனா.

அப்போதுதான் வீதித் தூசி அடங்கத் தண்ணீர் அடித்துக்கொண்டு ஒரு பவுசர் லொறி வந்தது. அடித்த தண்ணீர் வேலிக்கு மேலால் வந்து தோரணத்தை நன்றாகக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. தும்புக்கயிறு நனைந்தால் எப்படி இறுகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முடிச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் சனம் திரும்பி வரத் தொடங்கியது. பிள்ளைகள் முதல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். அசையவில்லை. முடிச்சர் பார்த்தார். அசையவில்லை. பல்லால் கடித்தார். முடிச்சு அப்படியே இருந்தது, பல் ஆடியது. அதற்குள் வளவு நிறையச் சனம். கொதிக்கிற மணலில் எல்லோரும் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

"தம்பி, கெதியா! கால் பொரியுது!"

"உதில தொங்கிறது என்ர! நீலப் பட்டி! இழுத்துத் தாங்கோ!"

"இழுத்தால் இன்னும் இறுகும்! ஒருதரும் இழுக்கக்கூடாது!" என்று முடிச்சர் கத்தினார்.

உயரமான ஒரு மனிதர் மடியிலிருந்து கத்தி எடுத்தார். முடிச்சர் குறுக்கே பாய்ந்து கயிற்றை மறைத்துக்கொண்டு நின்றார். "வெட்டாதேங்கோ! கயிறை வெட்டுறவன் சாரணன் இல்லை!"

"நான் சாரணன் இல்லை ஐயா, வீடு கட்டுற மேசன். தள்ளுங்கோ!"

இந்த நேரத்தில் சனத்தை விலக்கிக்கொண்டு அதிபர் அம்மா வந்தா. "சேர். என்ர செருப்பு." குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைத்து, அந்தக் காலைத் தூக்கி இந்தக் காலை வைத்துக்கொண்டு கண்டிப்பாகக் கதைப்பது மிகவும் கடினம். எங்கள் அதிபர் அம்மா ஆடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கோகுலனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அதிபர் அம்மாவையே பார்த்தான். மலை கையை விட்டுப் போகிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

முடிச்சர் பார்த்தது இவர்கள் இருவரையும் அல்ல. வேலியோரம் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு இளம் பெண் நின்றா. இடுப்பிலும் ஒரு குழந்தை. அவா சத்தம் போடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. தன் சேலைத் தலைப்பைக் காலுக்குக் கீழே போட்டு அதில் நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தா.

முடிச்சர் மேசனிடம் கையை நீட்டினார். "தாங்கோ."

கத்தியை வாங்கித் தானே கயிற்றை வெட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நிற்காமல். வெட்டும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அது எனக்கு வழக்கமில்லாத ஒன்று.

தோரணம் விழுந்து செருப்பு மலையாகக் குவிந்தது. அதுவும் எப்படி? வலது இடது சேர்த்துக் கட்டியபடி. போட்டால் விலங்கு மாட்டிய கைதி மாதிரித்தான் நடக்கலாம். ஆனால் முடிச்சருக்கு இப்போது வேறு ஒரு குரல் வந்திருந்தது. "கோகுலன், ஓடிப்போய் அந்த பவுசரை மறி! மணலுக்குத் தண்ணி அடிக்கச் சொல்லு! மற்றவை வாளி எடுங்கோடா!" பிள்ளைகள் பறந்தார்கள். பவுசர் திரும்பி வந்து மணலைக் குளிரவைத்தது. பிள்ளைகள் செருப்பு மலையைக் கிளறிச் சோடி சோடியாகத் தூக்கிக் காட்டினார்கள். முடிச்சர் ஒவ்வொருவரின் காலடியிலும் முழங்காலில் நின்று, முடிச்சை வெட்டி, செருப்பைக் காலில் போட்டுவிட்டார். முதலில் அந்த இளம் பெண்ணுக்கு. பிறகு எல்லோருக்கும். ஒவ்வொருவரிடமும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

ஏச வந்த சனம் சிரிக்கத் தொடங்கியது. மேசன் தன் செருப்பைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்று, இன்னொரு கத்தி தேடி வாங்கி மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்தார். அதிபர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு செருப்பிலிருந்து தும்புக்கயிற்றுத் துண்டு வாலாட்ட, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டா.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம். நானும் முடிச்சரும் கடைசி வாங்கில் இருந்தோம். கொட்டிலில் இருந்த சாமான்களை எங்கே வைப்பது என்று நான் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்டியலில் சேர்ந்தது பஸ்ஸுக்குப் போதாது என்று அதிபர் அம்மா சொல்லி முடித்ததும் மாணிக்கம் அண்ணை எழும்பினார்.

"சாரு நல்லவருதான். நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. ஆனா காசு பத்தலைன்னா அடுத்தாப்புல என்ன செய்வாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

முடிச்சர் எழுந்தார். "அதுக்கு ஒரு திட்டம் இருக்கு. வீடு வீடாப் போய் எல்லாரின்ர கிணறுகளையும் இறைச்சுத் துப்புரவாக்கப் போறம். கயிறு நான் கொண்டு வருவன்."

பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. பஸ்ஸுக்குரியதைப் பெற்றோரே தருவதாக ஒருமனதாகத் தீர்மானமானது. ஒரே ஒரு நிபந்தனை, இந்த வருடம் இனி நிதி சேகரிப்புக் கிடையாது. அதிபர் அம்மா தலையைக் குனிந்துகொண்டு எழுதினா. அவா சிரித்ததை மறைக்கத்தான் குனிந்தா என்று நான் இன்றும் சொல்வேன்.

"ஊர் எங்களுக்குத் தந்த மரியாதையைப் பாத்தீங்களோ ரீச்சர்?" என்றார் முடிச்சர்.

"ஓம் சேர்," என்றேன்.

மலைக்குப் போனோம். முகில் கையில் பிடிபடவில்லை, ஆனால் வாயால் புகை வந்தது. பிள்ளைகள் நாள் முழுக்க ஊதிக்கொண்டே திரிந்தார்கள். முடிச்சர் அந்தக் குளிரிலும் காற்சட்டையை விடவில்லை. கொக்குக் கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

கடைசி நாள் பின்னேரம் பாசறைத் தீ மூட்டி, ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு நிகழ்ச்சி செய்தது. எங்கள் முறை வந்தபோது கோகுலன் கால்மேசுகளை முழங்கால் வரை இழுத்துவிட்டு, இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டு நடுவில் வந்து சல்யூட் அடித்தான். நான் முடிச்சரைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அவன் கூடாரம் கட்டினான், அது ஓடியது. படலை கட்டினான், தானே உள்ளே அகப்பட்டான். பல்லால் முடிச்சு அவிழ்த்தான். முழங்காலில் நின்று காற்றுக்குச் செருப்புப் போட்டுவிட்டான். தமிழ் தெரியாத பிள்ளைகளும் புல்லில் உருண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் முடிச்சர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஆரடா இவன்? சரியான விசரனா இருக்கிறானே!"

அவருக்கு விளங்கவில்லை, தப்பினோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சாமான் ஏற்றும்போது என்னிடம் வந்தார். பிள்ளைகள் தூரத்தில் நிற்பதை உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், அது நானெண்டு எனக்குத் தெரியும். பிள்ளையள் என்னை இவ்வளவு பாத்திருக்கிறாங்கள் எண்டுதான் தெரியாது." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்டு மட்டும் பிழை. சல்யூட் அடிக்கேக்க கோகுலன் முழங்கையை அவ்வளவு கீழ விட்டவன். என்ர முழங்கை அப்பிடிப் போறேல்லைத்தானே?"

போகும். கோகுலன் காட்டியதைவிடக் கீழேயும் போகும்.

"இல்லை சேர்," என்றேன். "உங்கட எப்பவும் நேராத்தான் நிக்கும்."